சுவருக்குள் போகும் குழாய்

தொலைபேசியில் வரும் முறைப்பாடு எப்போதும் ஒன்றுதான். "அண்ணை, ட்ரையர் பழுது. ரெண்டு தரம் போட்டும் உடுப்புக் காயுதில்லை." கனடாவின் ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜெக்ஸ் பக்கமெல்லாம் ட்ரையர் குழாய் துப்புரவு செய்து பிழைத்த அவர், அதைக் கேட்டதும் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்: "காத்து எங்கால வெளியில போகுது?"

பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பதில் இருக்காது. மிசினை எந்தக் கடையில் வாங்கினோம், என்ன விலை, உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதெல்லாம் சட்டென்று சொல்வார்கள். அதன் முதுகிலிருந்து கிளம்பிச் சுவருக்குள் நுழையும் குழாய் எந்த வழியாகப் போய் எங்கே வெளியே தலைகாட்டுகிறது என்பது, அந்த வீட்டில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களுக்கும் தெரியாது. இன்று அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வேலைக் காலத்தை நினைத்துக் கதைக்கும்போது மிசின்களைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. சுவர்களைப் பற்றித்தான் சொல்வார்.

வடமராட்சியிலிருந்து எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு வந்தவர். ஊரில் உடுப்புக் காயப்போடுவது ஒரு வேலையாகவே அவருக்குத் தோன்றியதில்லை. கிணற்றடியில் தோய்த்து, பிழிந்து, வேலியோரம் கட்டிய கொடியில் எறிந்தால் வெயிலும் கடற்காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ரொறன்ரோவின் முதல் குளிர்காலத்தில்தான், ஈரம் போவதற்கும் காசு கொடுக்கவேண்டும் என்று தெரிந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாக நின்ற மிசின்களுக்குள் சில்லறை போட்டு, அது சுழன்று முடியும்வரை கதிரையில் காத்திருந்தார். சில வருடங்கள் தொழிற்சாலை வேலை. பிறகு பழைய குளிர்சாதனப் பெட்டிகளும் சலவை மிசின்களும் திருத்தும் ஒரு கடையில் சேர்ந்தார். அங்கேதான் ட்ரையரைப் பிரித்துப் பார்த்தார்.

குளிர்நாட்டுக்காரருக்கு இந்த இயந்திரம் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்தக் குளிரை அனுபவித்தவரே அறிவர். நோர்த் டக்கோட்டாவின் ஜே. ராஸ் மூர் என்பவர், தன் தாய் உறைபனியில் வெளியே நின்று துணி காயப்போடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு கொட்டிலுக்குள் அடுப்பு வைத்து உள்ளேயே உலர்த்தும் ஏற்பாட்டைச் செய்தார் என்று சொல்வார்கள். அவருடைய வடிவமைப்பை விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரிலிருந்த ஹாமில்டன் நிறுவனம் 1938இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 1892இல், ஜோர்ஜ் சாம்ப்சன் என்ற அமெரிக்கர் துணி உலர்த்தும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

ஒன்ராறியோவில் கொடி கட்டுவதற்கே தடை இருந்த காலம் ஒன்று உண்டு. புதிதாக எழுந்த குடியிருப்புகள் பலவற்றில், வீட்டு ஒப்பந்தத்திலேயே வெளியே துணி காயப்போடக்கூடாது என்று எழுதியிருக்கும். வரிசை வீடுகளின் அழகு கெட்டுவிடுமாம். அரோரா நகரின் மேயர் உட்படப் பலர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2008 ஏப்ரலில் டால்ட்டன் மக்கின்ரியின் மாகாண அரசு அந்தத் தடைகளைச் செல்லாததாக்கியது. அந்தக் கோடையில் மார்க்கத்து வீடுகள் சிலவற்றின் பின்வளவில் சேலைகள் கொடியில் பறந்ததை அவர் இன்றும் மகிழ்ச்சியோடு சொல்வார். ஆனால் ஆடி ஆவணியில் உதவும் கொடி மார்கழியில் உதவாது. வருடத்தின் பாதியில் ட்ரையர் இல்லாமல் ஒரு குடும்பம் நடத்த முடியாது. அதனால்தான் அது வடிவாக வேலை செய்யவேண்டும்.

ட்ரையர் உடுப்பைச் சூடாக்கும் மிசின் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காற்றைத் தள்ளும் மிசின். சலவை மிசின் எவ்வளவுதான் சுழற்றிப் பிழிந்தாலும், ஒரு கூடை பருத்தி உடுப்பில் இரண்டு லீற்றருக்குக் குறையாத தண்ணீர் மிஞ்சும். 240 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய 5,000 வாட் இழுக்கும் சூடேற்றி அந்தத் தண்ணீரை ஆவியாக்குகிறது. ஆவியான தண்ணீர் உள்ளேயே நின்றால் உடுப்பு வெந்து போகுமே தவிரக் காயாது. ஆகவே ஒரு விசிறி, நிமிடத்துக்கு 100 முதல் 200 கனஅடி வரை காற்றை உருளைக்குள் இழுத்து, ஈரத்தோடும் சூட்டோடும் பின்பக்கக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. அந்தக் காற்றோடு உடுப்பிலிருந்து கழன்ற நூற்பஞ்சும் போகிறது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் வலை அதில் ஒரு பங்கைப் பிடிக்கும். பிடிபடாதது குழாய்க்குள் போகும்.

குழாய் நேராகவும் குட்டையாகவும் வழவழப்பாகவும் இருந்தால் பஞ்சு காற்றோடு வெளியே பறந்துவிடும். குழாய் நீண்டால், வளைந்தால், நசிந்தால், உள்ளே மடிப்பிருந்தால், காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்த இடத்தில் பஞ்சு படியும். படிந்த பஞ்சு வேகத்தை இன்னும் குறைக்கும். வெளியே போகாத சூடு மிசினுக்குள் தங்கும். சூடு எல்லை மீறினால் சூடேற்றியை நிறுத்துவதற்கு ஒரு வெப்பக் காவல் உண்டு. அதுவும் தவறினால், ஒருமுறை எரிந்து மின்சாரத்தை அறுக்கும் சிறிய ஃபியூஸ் உண்டு. அந்த ஃபியூஸ் எரிந்துபோனால் அதுதான் மிசின் கடைசியாகக் கூப்பிட்டுச் சொல்லும் எச்சரிக்கை.

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு வரிசை வீடு. அந்த வீட்டுக்காரி ஒரு தாதி. இரவு வேலை முடிந்து வந்து, சீருடைகளை மிசினில் போட்டுவிட்டுத் தூங்குவது அவருடைய வழக்கம். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து மிசின் அடிக்கடி நின்றுபோனது. திருத்த வந்தவர்கள் அந்தச் சிறிய ஃபியூஸை மாற்றினார்கள், காசு வாங்கினார்கள், போனார்கள். சில வாரங்களில் அது மறுபடியும் எரிந்தது. ஒருவர், ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பியை நேரே இணைத்துவிடலாம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அந்தத் தங்கச்சி சம்மதிக்கவில்லை.

கடைசியில் குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் போய் மிசினை முன்னால் இழுத்தார். பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுருள் சுருளாகக் கிடந்தது. மிசினைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்ததில் அது தட்டையாக நசிந்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறந்திருந்தது. கழற்றித் தூக்கியபோது கனத்தது. உள்ளே சாம்பல் நிறத்தில், ஈரத்தில் ஊறிக் களியான பஞ்சு. ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் நின்றது. சுவருக்குள் போன தகரக் குழாயில் வளையும் தடியில் மாட்டிய தூரிகையைச் சுழற்றிவிட்டு இழுத்தபோது முதலில் பஞ்சு வந்தது. பிறகு ஒரு குழந்தையின் காலுறை. பிறகு இன்னும் பஞ்சு. அதற்குப் பிறகும் காற்றுச் சரியாகப் போகவில்லை. வெளியே போய்ப் பார்த்தால், பூச்சி புகாதபடி யாரோ குழாய் வாயில் கொசுவலைக் கம்பி அடித்திருந்தார்கள். அந்தக் கம்பியின் உட்பக்கம் பஞ்சு கம்பளிபோல இறுகி அடைத்திருந்தது. அதைக் கத்தியால் வெட்டி எடுக்கவேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் குழாயை எறிந்துவிட்டு உலோகக் குழாய் போட்டு மிசினை இயக்கினார். வெளியே குழாய் வாயின் மூடி முழுதாக மேலே எழுந்து நின்றது. அந்த வீட்டில் மிசினுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் அவருக்குக் கோபம் வரும். தீப்பற்றினால் உருகி, தானும் சேர்ந்து எரியும் பொருள் அது. மெல்லிய அலுமினியத் தாளில் செய்த சுருள் குழாயும் அவருக்குப் பிடிக்காது. அதன் மடிப்புகள் பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இலகுவில் நசியும். மிசினுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சிறு தூரத்துக்கு மட்டும், ட்ரையருக்கென்று சோதித்து முத்திரையிட்ட வளையும் உலோகக் குழாயை அவர் ஏற்றுக்கொள்வார். அதுவும் சுவருக்குள் போகக்கூடாது. சுவருக்குள் போவது 4 அங்குல விட்டமுள்ள, உட்பக்கம் வழவழப்பான தகரக் குழாயாக இருக்கவேண்டும்.

அமெரிக்க மாநிலங்கள் பல பின்பற்றும் வீட்டுக் கட்டட விதிநூல் இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. குழாயின் நீளம் 35 அடியைத் தாண்டக்கூடாது. வழக்கமான 90 பாகை முழங்கை ஒன்று போட்டால் அதில் 5 அடியைக் கழிக்கவேண்டும். 45 பாகை முழங்கைக்கு இரண்டரை அடி. மிசினோடு வரும் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அந்த மிசினுக்கு அதன்படி. எல்லைக்கு இந்தப் பக்கம், கனடாவில், அவர் முதலில் திறந்து பார்த்தது அந்தக் கையேட்டைத்தான். கையேடு தொலைந்த வீடுகளில் 35 அடிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடந்து, குழாய் போகும் வழியை அளப்பார். மூன்று முழங்கை போட்ட குழாய்க்கு 20 அடிதான் மிஞ்சும் என்று சொன்னால், வீடு கட்டியவர்களே நம்பமாட்டார்கள். மேல்மாடியில் சலவை அறை வைத்துக் கட்டிய புதிய வீடுகளில் குழாய் கூரைக்குள் ஏறி, குறுக்கே ஓடி, பிறகு வெளியேறும். அறையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்யும் நாளில் குழாயை யாரும் நினைப்பதில்லை. பிறகு அதற்கு விலை கொடுப்பவர் வீட்டை வாங்குகிறவர்.

கூரைக்குள் ஓடும் குழாயில் இன்னொரு தொல்லையும் உண்டு. கூரையின் உட்புறம் குளிர்ந்திருக்கும். சூடான ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் தண்ணீராகிறது. தண்ணீர் பஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. சில வீடுகளில் மேல்மாடி அறையின் முகட்டில் பழுப்பு நிறக் கறை கண்டு, கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். ஒழுகியது ட்ரையர் குழாய். குளிரான இடத்தில் போகும் குழாய்க்கு வெளியே வெப்பக்காப்புச் சுற்றினால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

குழாயைப் பொருத்தும் விதத்திலும் பார்க்கவேண்டியவை உண்டு. துண்டுகளை இணைக்கும்போது, காற்றுப் போகும் திசையில் ஒன்றின் வாய் அடுத்ததற்குள் நுழையவேண்டும்; மாறிப் போட்டால் மூட்டு விளிம்பில் பஞ்சு தங்கும். நீள ஆணிகள் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு ஆணியும் ஒரு பஞ்சுக் கூடு கட்டும். மூட்டுகளை அலுமினியத் தாள் ஒட்டுநாடாவால் ஒட்டவேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாம்பல் நிறத் துணி நாடா, சூட்டில் பசை காய்ந்து கழன்றுவிடும். இவை ஒன்றும் பெரிய செலவில்லை. வீடு முழுவதற்கும் மாபிள் பதிக்கத் தயங்காதவர்கள், குழாய்க்கு இருபது டொலர் கூடக் கொடுக்கத் தயங்கியதை அவர் பலமுறை கண்டிருக்கிறார்.

ஆனால் அவருடைய நினைவில் ஆழமாகப் பதிந்தவை பெரிய வீடுகள் இல்லை. பேஸ்மென்ட்டுகள்.

ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தங்கள் கனடா வாழ்க்கையை நிலத்துக்குக் கீழேதான் தொடங்கின. மேலே வீட்டுக்காரர், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம், இருவருக்கும் பொதுவாகக் கீழே ஒரு சலவை மூலை. அங்கே சலவை மிசின், ட்ரையர், எரிவாயுவில் ஓடும் தண்ணீர்ச் சூடாக்கி, வீட்டைச் சூடாக்கும் உலை எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். மாசியில் ஒருநாள் அப்படியொரு பேஸ்மென்ட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது ஆவி. சிறிய ஜன்னலின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சணம். ட்ரையர் குழாயைச் சுவரிலிருந்து கழற்றி, வாயில் ஒரு பெண்ணின் நீளக் காலுறையைக் கட்டி, அறைக்குள்ளேயே விட்டிருந்தார்கள்.

"மேல சூட்டைக் கூட்டினாத்தான் எங்களுக்குக் கீழ சூடு வரும் அண்ணை. அவையள் கூட்டமாட்டினம். இது சும்மா வெளியில போற சூடுதானே" என்றார் அந்தத் தாய். அருகில் தொட்டிலில் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

அந்தத் தாயை அவர் குறை சொல்லவில்லை. குளிரில் நடுங்கும் பிள்ளைக்குச் சூடு தேடிய ஒருத்தியிடம் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அந்தச் சூட்டோடு ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு லீற்றர் தண்ணீரும், காலுறை வலையில் நிற்காத நுண்பஞ்சும் அறைக்குள் வருகின்றன என்பதை விளக்கினார். பூஞ்சணம் அந்த ஈரத்தில்தான் வளர்கிறது. பஞ்சு தண்ணீர்ச் சூடாக்கியின் தீச்சுடருக்குப் பக்கத்தில் போய்ப் படிகிறது. பிறகு மாடிக்கு ஏறிப்போய் வீட்டுக்காரரிடம் கதைத்தார். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, வாடகைக்கு விட்ட இடத்தையும் அங்குள்ளவற்றையும் திருத்தமான நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. சாதாரணத் துப்புரவு குடியிருப்பவரின் கடமை. அதை அவர் இப்படிப் பிரித்துச் சொல்வார்: வலையைத் துடைப்பது கீழே இருப்பவர், குழாயைத் துப்புரவாக்குவது மேலே இருப்பவர். சட்டத்தின் சொற்கள் எப்படியிருந்தாலும், நியாயம் அதுதான். சுவருக்குச் சொந்தக்காரர் யாரோ, சுவருக்குள் இருக்கும் குழாய்க்கும் அவரே பொறுப்பு.

மின்சார ட்ரையர் என்பதால் அந்தக் குடும்பம் பூஞ்சணத்தோடு தப்பியது. சில வீடுகளில் ட்ரையரே எரிவாயுவில் ஓடும். அதன் குழாய் அடைத்தால், அல்லது உள்ளே திறந்திருந்தால், வீட்டுக்குள் வருவது ஈரம் மட்டுமில்லை. காபன் மொனொக்சைட்டும் வரலாம். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, வாந்தி, மயக்கம் என்று தொடங்குவதைத் தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் ஒரு பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் இறந்தார்கள். அது ட்ரையர் இல்லை, எரிவாயுக் கணப்பு. அதன் வெளியேற்றுக் குழாய் அடைபட்டிருந்தது. அந்த அதிகாரியின் உறவினர்கள் விடாது போராடியதன் பயனாக 2013இல் மாகாணச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. எரிபொருளில் ஓடும் சாதனங்களோ, கணப்போ, இணைந்த வாகனக் கொட்டகையோ உள்ள வீடுகளில் காபன் மொனொக்சைட் அறிவிப்பான் வைப்பது அதன்படி 2014 அக்டோபரிலிருந்து கட்டாயமானது. எரிவாயு ட்ரையர் உள்ள வீட்டில் அவர் வேலை தொடங்குமுன் அந்த அறிவிப்பான் இருக்கிறதா, பற்றரி வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு அவரே பழைய வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, குழாய் வாயைப் பனி மூடியிருந்தால் தட்டிவிடச் சொன்னதும் உண்டு. கார் நிற்கும் பாதையைச் சவளால் வழித்துக் குவிக்கும் பனி பல வீடுகளில் அந்த வாய்க்கு நேரே போய்த்தான் குவிகிறது.

பனி போனால் குருவி வரும். வட அமெரிக்காவில் ட்ரையர் குழாய்க்குள் கூடு கட்டுவதில் முன்னிற்பது ஐரோப்பிய மைனா வகைப் பறவையான ஸ்டார்லிங். இந்தக் கண்டத்துக்கு அது சொந்தமில்லை. யூஜின் ஷீஃப்லின் என்பவர் 1890இல் சுமார் 60 பறவைகளையும் மறுவருடம் இன்னும் 40ஐயும் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பறக்கவிட்டார். இன்று அவை கண்டமெங்கும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இதமான சூட்டோடு, மழை படாமல், 4 அங்குல வட்டத்தில் ஒரு பொந்து கிடைத்தால் எந்தப் பறவைதான் விடும்? வைகாசி மாதங்களில் அவர் இழுத்தெடுத்த கூடுகளில் புல்லும் இறகும், நிறைய ட்ரையர்ப் பஞ்சும் இருந்தன. குஞ்சு பொரித்திருந்தால், அவை பறந்து போகும்வரை வீட்டுக்காரரிடம் மிசின் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். இதற்காக வாயில் கம்பிவலை அடிப்பதும் பிழை. மல்வேர்ன் வீட்டில் நடந்ததுதான் நடக்கும். காற்று வரும்போது திறந்து, நின்றதும் தானாக விழுந்து மூடும் நல்ல மூடி போதும். அந்த மூடியின் கீல் துருப்பிடிக்காமலும் பஞ்சு ஒட்டாமலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

தமிழ் வீடுகளுக்கென்றே அவர் தனியாகச் சொன்ன எச்சரிக்கை ஒன்று உண்டு. அது எண்ணெய்.

தீபாவளிக்கு எண்ணெய் வைத்து முழுகி, தலை துடைத்த துவாய்களை அப்படியே சலவையில் போட்டு, பிறகு ட்ரையரில் போடுவார்கள். குசினியில் வடை பொரித்த எண்ணெயைத் துடைத்த துணியும் அதோடு சேரும். சலவைத்தூள் எண்ணெய் முழுவதையும் எடுப்பதில்லை. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் சோள எண்ணெயிலும் நிறைவுறாத கொழுப்பு அதிகம். அவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது வெப்பம் உண்டாகிறது. ட்ரையரின் சூட்டில் அந்தச் சேர்க்கை விரைவாகும். சூடான துணிகளைக் குவித்து வைத்தால் உள்ளே உண்டான வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். யாரும் நெருப்பு வைக்காமலே, மிசின் நின்றபிறகும், துணி புகைந்து தீப்பிடிக்கும். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பே பெரும்பகுதி என்பதால் இந்த ஆபத்து அதில் மிகக் குறைவு. எந்த ட்ரையரின் கையேட்டைத் திறந்தாலும், சமையல் எண்ணெய் பட்ட துணியைப் போடாதே என்ற வரி இருக்கும். அந்த வரியை எழுதியவருக்கு நம்முடைய எண்ணெய் முழுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நம்மைவிட அதிகமாக அந்த வரி யாருக்கும் தேவைப்படாது. எண்ணெய்த் துவாயைச் சுடுநீரில் இரண்டுமுறை தோய்த்து, கொடியிலோ கதிரை முதுகிலோ விரித்துக் காயவிடச் சொல்வார். மற்ற உடுப்புகளுக்கும், மிசின் கடைசி நிமிடங்களில் சூடில்லாமல் சுழல்வதைப் பாதியில் நிறுத்தவேண்டாம் என்பார். அந்த நிமிடங்கள் துணியை ஆறவைப்பதற்காக வைத்தவை.

இவ்வளவும் வேலைக்காரர் ஒருவரின் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஐக்கிய அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான விபத்துகளை வைத்து வெளியிட்ட அறிக்கையின்படி, அந்த நாட்டில் வருடத்துக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் ட்ரையரிலிருந்து தொடங்கின. வருடத்துக்கு 5 பேர் இறந்தார்கள், 100 பேர் காயமடைந்தார்கள், 3.5 கோடி டொலர் சொத்து அழிந்தது. முதலிடத்தில் நின்ற காரணம், துப்புரவு செய்யாமை: நூற்றுக்கு 34. முதலில் தீப்பற்றிய பொருள்களில் முன்னால் நின்றது தூசும் நாரும் பஞ்சும். விபத்துகள் உச்சத்தைத் தொட்ட மாதம் ஜனவரி. அவருடைய தொலைபேசி அதிகம் ஒலித்த மாதமும் அதுவே.

வெளியே போகும் குழாய் மட்டும்தான் பஞ்சு சேரும் இடம் என்றும் எண்ணவேண்டாம். 2016 ஆகஸ்ட் 19ஆம் திகதி, இலண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் கட்டடம் ஒன்றில் தீ மூண்டது. தொடங்கியது ஒரு வீட்டின் ட்ரையரில். மிசினுக்குள் பஞ்சு சூடேற்றியைத் தொட்டுத் தீப்பற்றக்கூடிய குறை அந்த வகை மிசின்களில் இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. திருத்தும் வரை, பக்கத்தில் ஆள் இருந்தால் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் குடும்பம் வீட்டில்தான் இருந்தது. அதனால் உயிர் தப்பினார்கள். வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை. இரவு மிசினைப் போட்டுவிட்டுத் தூங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆள் வெளியே போகும்போதும் தூங்கும்போதும் ட்ரையர் ஓடக்கூடாது என்பதில் அவர் கடைசிவரை விட்டுக்கொடுத்ததில்லை. மல்வேர்ன் தாதியும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்.

இப்போது வெளிக்குழாயே தேவைப்படாத ட்ரையர்கள் வந்திருக்கின்றன. ஈரக்காற்றைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அந்தத் தண்ணீரைத் தொட்டியிலோ வடிகாலிலோ விட்டுவிட்டு, அதே காற்றை மறுபடி சூடாக்கிச் சுழற்றும் வகை அது. ஐரோப்பாவில் இது நெடுநாள் வழக்கம். இவற்றில் பல மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். உலர்த்த நேரம் கூடுதலாகும். குழாய்க்கு வழியில்லாத பேஸ்மென்ட்டுகளுக்கு இதுவே சரி என்பது அவர் எண்ணம். அதற்கும் பஞ்சு வலை உண்டு, அதையும் துடைக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகும், கலியாண வீட்டிலோ கோயிலிலோ யாராவது பிடித்துக்கொண்டு கேட்டால் அவர் சலிக்காமல் சொல்வார். ஒவ்வொருமுறையும் உடுப்புப் போடுமுன் வலையைத் துடையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதைச் சவர்க்காரத் தண்ணீரில் மெல்லத் தேய்த்துக் கழுவுங்கள். உடுப்புக்கு வாசனை தரும் தாள்கள் அதில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப்படலம் பூசிவிடும். வருடத்துக்கு ஒருமுறையாவது குழாயை முழுதாகத் துப்புரவாக்குங்கள். உடுப்புக் காய வழக்கத்தைவிட நேரமெடுத்தால், மிசினின் மேற்பக்கம் கைவைக்க முடியாதபடி சுட்டால், சலவை அறையில் கருகல் மணம் வந்தால், அன்றைக்கே நிறுத்துங்கள்.

இதை வாசிப்பவர்கள் செய்யவேண்டியது ஒரு சின்ன வேலை. அடுத்தமுறை ட்ரையர் ஓடும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். வீட்டைச் சுற்றி நடந்து அந்தக் குழாயின் வாயைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மூடி எழுந்து நிற்கிறதா, கையை வைத்தால் சூடான காற்று வேகமாக அடிக்கிறதா என்று பாருங்கள். அடிக்காவிட்டால் உள்ளே வந்து மிசினை நிறுத்திவிட்டு, குழாய் துப்புரவு செய்பவரைக் கூப்பிடுங்கள். வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டுங்கள்.